ஆனைப் பிடிலுக்கு ஒரு பெட்டி

பாறசாலைச் சந்தையில் கருப்பட்டி எடைபோடும் பொன்னுதாசுக்கு வெகுநாளாக ஒரே ஆசை, சபையின் வயலின்மேல். மிஷன் துரையம்மா சொந்த நாட்டுக்குப் புறப்படும்போது தன் வாத்தியங்களைச் சபைக்கு விட்டுப் போனாள். வயலின் ராபின்சனுக்குப் போயிற்று. உபதேசியார் மகன் அல்லவா, வேறு யாருக்குப் போகும்! பொன்னுதாசின் தலையில் யாரும் சீந்தாத டபுள் பேஸைக் கட்டிவிட்டார்கள். ஆள் உயரம், தடித்த நாலு தந்தி. ஊர் அதற்கு ஆனைப் பிடில் என்று பேர் வைத்துச் சிரித்தது.

கோபத்தில்தான் வில்லை எடுத்து ஓர் இழு இழுத்தார். சத்தம் தரைவழியே ஏறி, முழங்காலைத் தொட்டு, நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு ராபின்சன் வயலினைத் தொட்டாலே, "கொசு வந்தாச்சு" என்பார்.

அது 1954. மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று எல்லைக் கிராமங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. தம்பி விஜயதாஸ் கொடியும் கையுமாக அலைந்தான். வீதியில் போலீஸ் லாரி போனால் பெண்கள் கதவைச் சாத்தினார்கள். பொன்னுதாசுக்கோ பேஸுக்குக் கீறல் விழக்கூடாது என்ற கவலைதான் பெரிது. சவப்பெட்டி செய்யும் ராஜையாவிடம் போய் நின்றார்.

"எலே பொன்னு, ஆறடிப் பெட்டி ஆருக்காக்கும்?"

"ஆருக்குமில்ல அண்ணே. பிடிலுக்காக்கும்."

ராஜையா சிரிக்கவில்லை. "ஆளில்லாத பெட்டி நான் செய்யாறில்ல. நல்லதில்ல கேட்டியா."

கெஞ்சிக் கூத்தாடித்தான் வாங்க வேண்டியிருந்தது. பெட்டி வீட்டுக்கு வந்ததும் விஜயதாஸ் அதற்குள் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டான். "அண்ணே, உமக்க பிடிலைவிட எனக்குத்தான் அளவு சரியா இருக்கு!" அவன் மனைவி புஷ்பபாய் கையைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். அன்று முழுக்க அவனோடு பேசவில்லை. பொன்னுதாசுக்கும் அது பிடிக்கவில்லை. ஆனாலும் விளையாட்டு என்று விட்டுவிட்டார்.

ஆடி மாதம் ஒருநாள் விஜயதாஸ் ஊர்வலத்துக்குக் கிளம்பினான். "நீரும் வாரும் அண்ணே" என்றான். பொன்னுதாசுக்கு நெய்யாற்றின்கரையில் கல்யாண வாசிப்பு. "நீ போயிட்டு வா, மக்கா" என்று அனுப்பிவிட்டார்.

கல்யாணம் முடிந்து, சுமட்டுக்காரர் சோமன் ஒரு முனையும் தான் ஒரு முனையுமாகப் பெட்டியைத் தோளில் வைத்து வரப்பில் வந்தார். தூறலுக்காக மேலே வெள்ளைத் துணி போட்டிருந்தார்கள். ஊர்வலத்தில் போலீஸ் சுட்ட சேதி அவர்களுக்கு முன்பே ஊருக்கு வந்திருந்தது. பாவம், அவர்களுக்குத்தான் தெரியாது. வீட்டு முற்றத்தில் கூடியிருந்த பெண்கள் பெட்டியைப் பார்த்தார்கள். புஷ்பபாய் அலறிக்கொண்டு ஓடிவந்து வரப்பிலேயே விழுந்தாள்.

"ஐயோ, இது பிடில் மக்கா! பிடிலாக்கும்!" பொன்னுதாஸ் பதறிப்போய் முற்றத்தில் பெட்டியை இறக்கி மூடியைத் திறந்தார்.

புஷ்பபாய் எட்டிப் பார்த்தாள். தந்தியைத் தொட்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "நான் பயந்துபோனேன், அத்தான்" என்றாள். சுற்றி நின்றவர்களும் மூச்சு விட்டார்கள்.

அப்போது ராஜையா வந்தார். முற்றத்துக்குள் வராமல் வேலியருகே நின்றார்.

"விஜயதாசைக் கொண்டுவாறாங்க, பொன்னு. இருட்டுமுன்னே அடக்கணுமின்னு உத்தரவாம். பலகை அறுக்க நேரமில்ல."

பொன்னுதாஸ் குனிந்து பேஸைத் தூக்கி, ஈர மண்ணில் படுக்க வைத்தார். ராஜையா முழக்கோலை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கிப் பெட்டிப் பக்கம் வந்தார்.

"அளக்காண்டாம் அண்ணே" என்றாள் புஷ்பபாய். "அவியளுக்கு அது சரியா இருக்கும்."