ஆகாது சாரும் ஒரு கோழியும்

ஆகாது சார் கோழியை உதைக்கிறார். இறகு பறக்கிறது. கோழி திட்டவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இடப்பக்கமாக வந்து இன்னொரு உதை. "அந்தம்மா திட்டை இந்தப் பக்கம்தான் ஒளிச்சு வெச்சிருக்கும்" என்கிறார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அப்போதும் திட்டவில்லை.

ஆகாது சாருக்குச் சம்பளமே இதற்குத்தான். அவருடைய நிறுவனம் விற்கும் கேம் கன்சோலுக்காக வெளியார் செய்து அனுப்பும் விளையாட்டுகளை அவர்தான் முதலில் ஆடிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ரத்தம், மது, முத்தம், கெட்ட வார்த்தை எதுவும் கூடாது என்பது விதி. இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் எல்லா அக்கிரமத்தையும் ஒருமுறை செய்து பார்த்தாக வேண்டுமே. ஆகவே, வீட்டில் பல்லியைக்கூட விரட்டாத இந்த மனிதர் பத்தொன்பது வருடமாக அலுவலக நேரத்தில் பொறுப்பாகக் கொள்ளையடிக்கிறார், மாடியிலிருந்து ஆட்களைத் தள்ளுகிறார், இளவரசியிடம் வரம்பு மீறப் பார்க்கிறார். மதியம் ஒரு மணியானால் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போய்விடுவார்.

ஆகாதவற்றுக்கு அவரிடம் மாற்று உண்டு. ரத்தம் பச்சையாகும். சாராயக் கடை பால் கடையாகும். ஒருமுறை ஒரு கொள்ளைக்கூட்டமே பாலைக் குடித்துவிட்டுத் தள்ளாடியது. தள்ளாட்டத்தை எடுக்கச் சொல்ல மறந்துவிட்டார். அந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் காது சிவக்கும். 'ஆகாது' என்ற பட்டப்பெயர் வீடு வரை போயிருக்கிறது. "உங்க ஆகாதை ஆபீஸ்லயே வெச்சுப் பூட்டிட்டு வாங்க" என்பது மனைவியின் நிரந்தர உத்தரவு.

கோழி விளையாட்டை, அதைச் செய்த அம்மாளுக்கே ஏழு முறை திருப்பி அனுப்பியிருக்கிறார். உதைபட்ட கோழி கெட்ட வார்த்தையில் திட்டியதுதான் குற்றம். வீடியோ காலில் இருவரும் மல்லுக்கட்டியது கொஞ்சநஞ்சமல்ல.

"வலிச்சா திட்டத்தானே சார் செய்யும்?"

"முனகட்டும், வேணாங்கல. திட்டறது ஆகாதும்மா, ஆகாது."

போன திங்கட்கிழமை சுற்றறிக்கை வந்தது. கன்சோலுக்கு வயதாகிவிட்டது, அதற்கென்று விளையாட்டு செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள், ஆகவே விதிகள் தளர்த்தப்படுகின்றன. ரத்தம் சிவப்பாகவே இருக்கலாம், கோழி வாய்க்கு வந்தபடி பேசலாம். ஆடிப் பார்ப்பது கட்டாயமில்லை, கையெழுத்து இருந்தால் போதும். மேலாளர் தோளில் தட்டி, "இனிமே உங்களுக்கு ஜாலிதான் சார்" என்றார். ஆகாது சார் சுற்றறிக்கையை இன்னொரு முறை படித்தார். இத்தனை வருடம் சொன்ன ஆகாதெல்லாம் ஒரே தாளில் ஆகிவிட்டது. "அப்ப நான் எதுக்கு? ஒரு ரப்பர் ஸ்டாம்பு போதுமே" என்று அன்று முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

இன்று காலை அந்த அம்மாள் எட்டாம் முறையாக விளையாட்டை அனுப்பிவிட்டு, "நீங்க பாக்கக்கூட வேணாமாமே சார்" என்று போனில் சிரித்தார். அந்த ரோஷத்தில்தான் கன்ட்ரோலரும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்.

மூன்றாவது உதை. இப்போதும் கோழி வாயைத் திறக்கவில்லை. திரையின் ஓரத்திலிருந்து ஓர் ஆள் ஓடி வருகிறார். குள்ளம், வழுக்கை, சரிந்த மூக்குக்கண்ணாடி. இடுப்பில் கைவைத்து, அந்த அம்மாள் ஏழு முறை போனில் பார்த்துக் கேட்டுப் பாடம் பண்ணிய அதே இழுப்பில், "ஆகாதும்மா, ஆகாது" என்கிறார்.

ஆகாது சார் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். பிறகு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்துகிறார். திரும்பி வந்து ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு, கோழியின் பின்பக்கமாகப் போய் நிதானமாக இன்னொரு உதை விடுகிறார்.