சீசாவில் போன விருந்தாளித் தண்ணீர்

பாலாற்று மணலில் நாங்கள் தோண்டிய ஊற்றில், தோல் பதனிடும் ஷாப்பின் கழிவு இறங்கிவிட்டது. காலையில் வடித்த சோறு மத்தியானமே சிவந்துபோகும். தெருவே சேர்ந்து மனுப் போட்ட பிறகு, தண்ணீரை மெட்ராசுக்கு அனுப்பிச் சோதிக்க ஒரு சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். அந்த வெயிலில் ஆற்றில் இறங்க அவருக்கு மனசில்லை. என் வீட்டு வாசலிலேயே கண்ணாடிச் சீசாவை நீட்டி, "நீங்க குடிக்கிற தண்ணியை ஊத்தும்மா" என்றார்.

எங்கள் தெருவில் விருந்தாளிக்கு அந்த ஊற்றுத் தண்ணீரைக் கொடுக்கமாட்டோம். அவர் வருகிறார் என்று, ஷாப்புக்கு மேலே, ஆறு வரும் திசையில் ஒரு மைல் நடந்து நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்தேன். சர்க்கார் சீசாவில் நாற்றத் தண்ணீரை ஊற்றக் கூச்சமாக இருந்தது. பாழாய்ப்போன கூச்சம்! நல்ல தண்ணீரையே ஊற்றிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, 'குடிக்கத் தகுந்தது' என்ற காகிதத்தோடு வந்தார். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன்.

"ரிப்போர்ட் வந்துடுச்சும்மா, இனிமே நான் இன்னா பண்றது?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில், ஊற்றுத் தண்ணீரை ஒரு லோட்டாவில் மொண்டு அவர் முன்னால் வைத்தேன். மூக்குவரை கொண்டுபோனவர், குடிக்காமல் கீழே வைத்தார். காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.