ஏழாவது எடைக்கல்

மளிகைக் கடையில் சர்க்கரை வாங்கும்போது, ஊரார் 'கிராம்' என்று கூப்பிடும் மனிதர் விலையைக் கேட்பதில்லை. பொட்டலத்தைத் தராசுத் தட்டின் நடுவில் ஒரு தடவை வைக்கச் சொல்கிறார். பிறகு நாலு மூலையிலும் ஒவ்வொரு தடவை. எங்கே வைத்தாலும் ஒரே எண் வந்தால்தான் அவர் முகம் மலரும். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முனகுவதெல்லாம் அவர் காதில் ஏறாது.

தராசு பழுதுபார்ப்பது அவருக்குத் தொழில். நகைக் கடைத் தராசிலிருந்து லாரி ஏறி நிற்கும் எடைமேடை வரை அவர் கை படாதது ஊரில் எதுவும் இல்லை. அரை கிராம் வித்தியாசத்துக்காக ஒரு மருந்துக்கடையை அரை நாள் மூடவைத்தார். அன்றைக்கு ஒட்டிக்கொண்டதுதான் 'கிராம்' என்ற பெயர். பெற்றோர் வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் ஞாபகம். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடையைச் சொல்லிவிடுவார், அதுதான் தொல்லை. மற்றவர்கள் சௌக்கியமா என்று கேட்கும் இடத்தில் இவர், "ரெண்டு கிலோ ஏறியிருக்கு போல" என்பார். விசேஷ வீடுகளில் அவரைச் சுற்றி நாலு நாற்காலியாவது காலியாகவே கிடக்கும்.

இப்படிப்பட்ட மனிதர் போன சனிக்கிழமை காலை, வீட்டு வாசலில் இருபத்திரண்டு வருஷப் பழைய காருக்குப் பின்னால் டார்ச்சும் கையுமாகக் குப்புறப் படுத்திருந்தார். மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் விடிந்ததும் பெட்டி படுக்கையெல்லாம் பின்னால் ஏற்றிக்கொண்டு அந்தக் காரை அவளே தனியாக ஓட்டிப் போவதாகப் பேச்சு. மலைப்பாதை வேறு. இந்த நேரம் பார்த்தா அடியில் ஒரு கம்பி கழன்று தொங்க வேண்டும்? சுண்டுவிரல் தடிமன், ஒரு முழ நீளம். ஒரு முனை சுருள்வில்லோடு ஒரு சின்ன இரும்புப் பெட்டியில் மாட்டியிருந்தது. மறுமுனை எதிலும் ஒட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது.

படம் பிடித்துத் தெருமுனை மெக்கானிக்குக்கு அனுப்பினார். பழைய வண்டியில் பாதிச் சாமான் சும்மாதான் தொங்கும், வெட்டி எறிந்துவிடுங்கள் அண்ணே என்று பதில் வந்தது. எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, புகைக்குழாயைத் தாங்கும் கம்பி என்று சத்தியம் செய்தார். புகைக்குழாயோ அந்தப் பக்கமே வரவில்லை.

மனைவி வாசற்படியில் வந்து நின்றார். "அது என்னன்னு தெரியாம என் பொண்ணு இந்த வண்டில ஏற மாட்டா."

மகள் சண்டை போடவில்லை. "பரவால்லப்பா, பஸ்லயே போயிடுறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்கு அவள் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். திங்கட்கிழமையிலிருந்து அந்தக் காரைத் துடைத்துத் துடைத்து வைத்தவள் அவள்.

வெட்டி எறிவதாமே! கிராமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தராசுக்குள் சும்மா ஒரு திருகாணிகூடக் கிடையாது. எவனோ மெனக்கெட்டு வைத்த கம்பி மட்டும் வேலையில்லாமலா இருக்கும்? மறுபடி தலையை நீட்டினார். பின் அச்சில் ஒரு சிறு தகடு, அதில் காலியாக ஒரு துளை. சுற்றிலும் துரு ஏறியிருக்க, துளையின் விளிம்பு மட்டும் பளபளத்தது. அப்படியானால் கம்பியின் இடம் இதுதான். இரும்புப் பெட்டியிலிருந்து கிளம்பிய மெல்லிய குழாயை டார்ச் வெளிச்சத்தில் தொடர்ந்தார். அது நேரே பின் சக்கரத்துக்குப் போனது. பிரேக் குழாய். மேலே வண்டியின் உடம்பு, கீழே அச்சு, இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி, ஒரு வில்.

எழுந்து உள்ளே ஓடினார். கட்டுக்கம்பியைக் கொண்டுவந்து, தொங்கிய முனையைத் துளையோடு கட்டினார். எடைமேடையைச் சோதிக்க வைத்திருக்கும் இருபது கிலோ எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து டிக்கியில் வைத்தார். ஒரு கல் வைப்பார், குனிந்து பார்ப்பார், அடுத்த கல்லுக்கு ஓடுவார். சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்துவிட்டது. ஒவ்வொரு கல்லுக்கும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது, வில் இறுகியது. ஏழாவது கல்லை வைத்துவிட்டுக் குனிந்தபோது, பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சிறு நெம்புகோல் ஓர் இழை நகர்ந்திருந்தது.

மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கரிக் கையோடு மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"இது தராசும்மா. பின்னால எவ்வளவு பாரம்னு வண்டி தானே எடை போட்டுக்குது. அதுக்குத் தகுந்தாப்லதான் பின் சக்கரத்துக்குப் பிரேக் போகுது. இது கழண்டு கிடந்தா, பின்னால ஒண்ணுமே இல்லைன்னு நெனச்சுப் பிரேக்கைக் குறைச்சுடும்."

அத்தனை பெட்டிகளோடு மலையிறக்கத்தில் மகள் பிரேக்கை மிதிப்பதை நினைத்தோ என்னவோ, மனைவி படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகள் ஓடிவந்து, நல்ல உடுப்பு என்றும் பாராமல் தரையில் படுத்துப் பார்த்தாள்.

மெக்கானிக்கைக் கிராம் கையோடு இழுத்துவந்தார். காருக்கு அடியில் போன ஆள் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது முகத்தில் அசடு வழிந்தது. "நீங்க சொல்றது சரிதாண்ணே. நான் இதுவரைக்கும் பத்துப் பதினஞ்சு வண்டில இதை வெட்டிப் போட்டிருக்கேன்" என்றார். பிறகு புது போல்ட் போட்டு, பூட்டு நட்டை முறுக்கி, கம்பியின் நீளத்தையும் சரிபார்த்தார்.

மாலையில் பெட்டிகளை ஏற்றினார்கள். முதலில் மெக்கானிக் ஓட்டி நிறுத்திப் பார்த்தார், பிறகு கிராம் ஓட்டினார், இருவருக்கும் வண்டி நேராக நின்றது. அடுத்தது மகளின் முறை. காரை ஆளில்லாத தெருவின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோனாள். அவள் வண்டியை நிறுத்த வேண்டிய இடத்தில் கிராம் சாக்குக்கட்டியால் தெருவின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கோட்டைத் தாண்டிப் பத்தடி தள்ளிப் போய் நட்ட நடுவில் நின்றுகொண்டார்.

"கிறுக்கா புடிச்சிருக்கு உங்களுக்கு? ஓரமா வாங்க" என்று மனைவி ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்தார். அவர் அசையவில்லை. தூரத்தில் என்ஜின் உறுமியது. மனைவி இழுப்பதை நிறுத்தினார். பிடித்த கையை மட்டும் விடாமல், காரைப் பார்த்துத் திரும்பி அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். கிராம் மற்ற கையை உயர்த்தி மகளை வரச் சொன்னார்.