கதிர்காமத்துக்கு ஏற்ற மாதம்

இலங்கைக்குப் போக எந்த மாதம் நல்லது என்று என் மனைவி வருடந்தோறும் கேட்பாள். கதிர்காமத்தில் ஆடித் திருவிழா பார்க்க அவளுக்கு ஆசை. ஆடியில் அங்கே மழை, தை மாதம்தான் சரி என்பேன். மழை கொழும்புப் பக்கம்தான், கதிர்காமம் அப்போது காய்ந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் இல்லாவிட்டால் ஆடிக் கிருத்திகைக்கு எங்கள் வீட்டுக் காவடியைத் தணிகை மலைக்குத் தம்பி எடுப்பான். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்த ஆடி பிறந்ததும், கிளம்பலாம் என்று நானே சொன்னேன். வீங்கிய முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள்.

"இந்தக் கால வச்சிகினு எங்கங்க வர்றது? காவடி மாதிரி என்னையும் தூக்கிகினு போவீங்களா?"

சற்றுக் கழித்து, "இப்ப அங்க மழையா, பாருங்க" என்றாள்.

கைபேசியில் பார்த்தேன். "நல்ல வெயில்" என்றேன்.