சட்டைக் கையில் மிஞ்சிய லேபிள்

போன வருடம், தீபாவளிக்கு முந்திய வாரம். மலேசியாவில், கிள்ளான் நகரில் ஒரு பார்சல் கிடங்கில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பட்டம் படித்தவள்தான். ஆனால் மகளுக்கு எட்டு மாதம். வீட்டுக்குப் பக்கத்தில் பகல் வேலை கிடைத்ததே பெரிது என்றிருந்தேன்.

பெட்டிகளில் முகவரி லேபிள் ஒட்டி லோரிக்கு அனுப்புவது என் வேலை. ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. ஐந்தாறு லேபிள்களைச் சேர்த்து உரித்து, சட்டைக் கையில் வரிசையாக ஒட்டிக்கொண்டு, பெட்டி வர வர எடுத்து ஒட்டுவோம்.

அன்று மகளுக்குக் காய்ச்சல். அவளைப் பார்த்துக்கொள்ளும் ஆன்டியிடமிருந்து, பால் குடிக்க மறுக்கிறாள் என்று செய்தி வந்தது. ஒரு கணம் போனைப் பார்த்தேன். அவ்வளவுதான். பந்திங் ஊருக்குப் போகும் லோரி நிறைந்து, ஓட்டுநர் அண்ணன் கதவைப் பூட்டிய பிறகு பார்த்தால், என் கையில் ஒரு லேபிள் மிச்சம். பந்திங்கில் ஒரு வீட்டு முகவரி. அதன் கீழே, குழந்தைக்கான மருத்துவப் பால் மாவு, அவசரம் என்று அச்சாகியிருந்தது.

அடுப்பை அணைத்தேனா என்று மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறவள் நான். அன்று சட்டைக் கையை மேலே மடித்து அந்த லேபிளை மறைத்துவிட்டேன். பிரிண்டர் சில சமயம் ஒரே லேபிளை இரண்டு தடவை அடித்துவிடும், இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். சூப்பர்வைசர் ஏற்கெனவே ஒரு முறை என்னை எச்சரித்திருந்தார்.

லேபிள் இல்லாத பெட்டி திரும்பி வந்து மூலைக் குவியலில் வாரக்கணக்கில் கிடக்கும். அதுவும் எனக்குத் தெரியும்.

லோரி கிளம்பியபோது ஆன்டியின் அடுத்த செய்தி வந்தது. மகள் பால் குடித்துவிட்டுத் தூங்குகிறாளாம். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. ஓடினேன். வாசல் கேட் அருகே லோரியைப் பிடித்தேன்.

"அண்ணே, ஒரு பெட்டி லேபிள் இல்லாம ஏறிடுச்சு. என் தப்புதான்."

"எந்தப் பெட்டி?"

"தெரியலண்ணே."

அவர் மணியைப் பார்த்தார். பிறகு இறங்கிக் கதவைத் திறந்தார். பாதி லோரியை இருவரும் இறக்கினோம். இரண்டு மேசைக் காற்றாடிப் பெட்டிகளுக்குப் பின்னால், லேபிள் இல்லாமல், அது இருந்தது. மடிப்பு விழுந்த லேபிளை ஒட்டி, நீவி, மறுபடியும் நீவினேன்.

"போதும்லா தங்கச்சி, பெட்டிக்கு வலிக்கப் போவுது" என்றார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வர வேண்டியதுதான்.

மறுநாளிலிருந்து அந்த அண்ணன் கேட்டைத் தாண்டுமுன் ஒரு தடவை ஹாரன் அடிப்பார். நான் இரண்டு கைகளையும் தூக்கி, திருப்பிக் காட்டுவேன். மற்றவர்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் என் கையில் ஒன்றுமில்லை என்று காட்டும் ஒவ்வொரு முறையும், யாரோ ஒரு தாய் காத்திருந்த பாலை என் சட்டை மடிப்புக்குள் ஒளித்து வைத்திருந்த அந்தச் சில நிமிடங்கள் எனக்கு நினைவு வராமல் இருப்பதில்லை.