மாமியார், மாப்பிள்ளை, நடுவில் ஒரு நாய்

பெரிய ஏரியின் தென்கரையில் கீஷிகோக்வேயைப் போல மரப்பட்டைப் படகு தைக்க ஆளில்லை. வாயடிக்கவும் ஆளில்லை. அப்படிப்பட்டவள், தன் மகள் வாசேயாவைக் கட்டிக்கொண்ட பிரெஞ்சுக்காரன் மத்துரேனிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. மாமியாரும் மாப்பிள்ளையும் முகம் பார்த்துப் பேசுவது அவளுடைய பழங்குடி மக்களிடையே பெரிய அவமரியாதை.

மத்துரேன் சர்க்கார் அனுமதியில்லாமல் காடு காடாக அலைந்து, கத்தியும் பாத்திரமும் கொடுத்துப் பீவர் என்ற நீர்விலங்கின் தோலை வாங்குகிறவன். அவர்கள் பாஷை வந்த அளவுக்கு வழக்கம் வரவில்லை. காலையில் தொப்பியைக் கழற்றி, "கும்பிடறேன் அத்தை! நல்லாத் தூங்குனீங்களா?" என்பான். அவள் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு புதருக்குள் ஓடுவாள். குடியிருப்பே வயிறு வலிக்கச் சிரிக்கும்.

"எத்தனை தடவை சொல்றது உனக்கு?" என்பாள் வாசேயா.

"எங்க ஊர்ல மாமியாருக்கு வணக்கம் சொல்லலேன்னா சூப்பு கிடைக்காதுடி!"

கடைசியில் கீஷிகோக்வே பாய்களைச் சுருட்டிக் கட்டினாள். "இன்னொரு தடவை அந்த ஆளு வாயைத் திறக்கட்டும். என் தங்கச்சி இருக்கிற தீவுக்கே போயிடுறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, மனம் அடித்துக்கொண்டது. வாசேயாவுக்கு ஏழாம் மாதம்.

மறுநாள் மற்ற எல்லோரும் ஏரியோரம் தானாக விளையும் காட்டரிசியை அடித்துச் சேர்க்கப் போயிருந்தார்கள். மத்துரேன் படகில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தான். படகின் முனையில் தையல் விட்டிருந்ததைக் கீஷிகோக்வே பார்த்துவிட்டாள். சொல்லியனுப்ப ஆளில்லை, நாய்தான் படுத்திருந்தது. அவள் அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"ஏ நாயே, சில பேருக்குக் கண்ணு இருந்தும் பிரயோஜனமில்ல. முன்பக்கம் தையல் விட்டிருக்கு. நடு ஏரியில மீனுக்கு விருந்து வைக்கப் போறாங்க போல!"

மத்துரேன் குனிந்து பார்த்தான். விரல் நுழையும் ஓட்டை. "ஐயோ, அத்..." என்றவன் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். நாயைப் பார்த்தான். பிறகு அவனும் திரும்பி உட்கார்ந்தான்.

"நாயாரே, உங்க புண்ணியத்துல பிழைச்சேன். பிசின் எங்க இருக்கும்?"

"குடிசைக்குப் பின்னால சட்டியில இருக்குன்னு சொல்லு, நாயே. போன தடவை மாதிரி தீய்ச்சு வைக்க வேணாம்னும் சொல்லு."

சாயங்காலம் வாசேயா திரும்பியபோது இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டை அடைத்தாகிவிட்டது, பேச்சு மட்டும் முடியவில்லை.

"அவங்க ஊர்ல மாட்டுப் பாலை மனுஷங்க குடிப்பாங்களாமே, நாயே? சீச்சீ!"

நாய் தூங்கியே போயிருந்தது.

குடிசைக்குள் பாய்கள் மறுபடி விரிந்து கிடந்தன.

"தீவுக்குப் போகலையாம்மா?"

"நாயை விட்டுட்டு எப்படிடி போறது?"