ஊறுகாய் டப்பாவில் மாத்திரை

சாப்பாட்டு டப்பா வாங்கினால் கூடவே சின்னதாக ஒரு வட்ட டப்பா கொடுப்பார்கள், ஊறுகாய்க்கு. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் எவர்சில்வர் டப்பா. என் ஓரகத்தியின் டப்பாவில் ஊறுகாய் இருந்து நான் பார்த்ததே இல்லை. மூடியைத் திறந்தால் வலி மாத்திரைகள்தான் இருக்கும். அட்டையிலிருந்து ஒன்றும் இரண்டுமாகக் கத்தரித்த துண்டுகள், பெயர் பாதியில் அறுந்து, தேதி எந்தத் துண்டில் போனதென்றே தெரியாமல் கிடக்கும். காலையில் சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் கட்டி முடித்த பிறகு கடைசியாக அந்த டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பாள். சத்தம் கம்மியாக இருந்தால் என் பக்கம் திரும்புவாள். "ஏண்டி, சாயங்காலம் உங்க கடையில இருந்து அந்த ரோஸ் கலரு கொஞ்சம் எடுத்தாயேன். இந்த வாரம் ஷிப்மெண்டு இருக்குது, ஓவர்டைம் நிக்கணும்."

ஓரகத்தி என்று எழுத வசதியாக இருக்கிறது. வீட்டில் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என் கணவரின் அண்ணன் மனைவி. பெங்களூர் ஈஜிபுராவில், எதிர்வீட்டு ஜன்னலுக்குக் கை நீட்டினால் எட்டுகிற ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் இரண்டு குடும்பமும் ஒன்றாகக் குடியிருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். அக்கா ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் இஸ்திரி போடும் செக்ஷனில் வேலை பார்த்தாள். நான் மருந்தாளுநர் டிப்ளமோ முடித்துவிட்டு மெயின் ரோட்டு மெடிக்கல் கடை ஒன்றில் கவுண்டரில் நிற்கிறேன். இரண்டு பேருக்கும் நிற்கிற வேலை. அக்கா நின்று சட்டையின் சுருக்கத்தை எடுப்பாள், நான் நின்று மாத்திரை அட்டையைக் கத்தரிப்பேன். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே மாதிரி நொண்டிக்கொண்டுதான் மாடிப்படி ஏறுவோம்.

இஸ்திரி செக்ஷனைப் பற்றி அக்கா அதிகம் பேசமாட்டாள். பேசினால் நீராவியைப் பற்றித்தான் பேசுவாள். வெளியே குளிரில் ஊரே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்கும்போதும் உள்ளே ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளுமாம். வேர்த்துக் கொட்டும், ஆனால் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். குடித்தால் டாய்லெட் போக வேண்டும். போனால் டேபிளில் துணி குவிந்துவிடும், சூப்பர்வைசர் வந்து நின்றுவிடுவார். "நீரு குடீத்தீர, டாய்லெட்டுக்கு ஹோக்தீர, கெல்ச யாரு மாடோது?" என்று அவர் கேட்பதை அக்கா அப்படியே மூக்கால் பேசிக் காட்டுவாள், வீடே சிரிக்கும். தண்ணியைக் குடிச்சிட்டு டாய்லெட்டுக்கும் போனா வேலையை யார் செய்யறது என்று அவர் கேட்பதில் சிரிக்க என்ன இருக்கிறதென்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. ஆகவே அந்தப் பெண்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மாத்திரையைக்கூட வெறும் வாயில் எச்சில் கூட்டி விழுங்குவார்கள். ரொம்பத் தொண்டையில் ஒட்டினால்தான் ஒரு மிடறு தண்ணீர். காலையில் கொண்டுபோன பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தால் அன்றைக்கு வேலை ஒழுங்காக நடந்தது என்று அர்த்தம்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்ததும் அக்காவைச் சுற்றி ஒரு கூட்டம் கூடுமாம். பட்டன் மிஷின் பெண்ணுக்குத் தலைவலி, செக்கிங்கில் இருப்பவளுக்கு இடுப்பு, இன்னொருத்திக்கு மாசாமாசம் வருகிற வயிற்றுவலி. அக்கா டப்பாவைத் திறந்து நிறத்தைப் பார்த்து எடுத்துக் கொடுப்பாள். வெள்ளை தலைக்கு, ரோஸ் காலுக்கு, மஞ்சள் வயிற்றுக்கு. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், போன மாதம் வெள்ளையாக இருந்தது இந்த மாதம் ஆரஞ்சாக வரும் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "நீ படிச்சவ, உனக்கு எல்லாமே சந்தேகம்தான்" என்பாள். ஒருமுறை காலையில் எதுவும் சாப்பிடாமல் வந்திருந்த ஒரு பெண்ணுக்கு ரோஸ் கொடுக்க, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். அக்கா என்ன முடிவுக்கு வந்தாள் தெரியுமா? அந்தப் பெண்ணுக்கு ரோஸ் ராசியில்லை என்று.

என் கவுண்டரின் கதையும் இதுதான். வருகிறவர்கள் மருந்தின் பெயரைச் சொல்வதில்லை. "பாடி பெயினுக்கு ஒண்ணு குடும்மா" என்பார்கள். வாய் ஓயாமல் சொல்லிப் பார்த்திருக்கிறேன். காய்ச்சல், தலைவலி, உடம்பு அலுப்பு என்றால் பாராசிட்டமால் போதும். ஆனால் அதற்கும் ஒரு அளவு உண்டு. சளி மாத்திரையிலும் அது கலந்திருக்கும், தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஈரல் தாங்காது. பல்வலி, சுளுக்கு, வீக்கத்துக்கு இப்யூப்ரோஃபென். மூட்டுக்கும் முதுகுக்கும் டைக்ளோஃபெனாக். மாதவிடாய் வலிக்கு மெஃபனமிக் ஆசிட். இந்த மூன்றும் ஒரே ஜாதி, வலியோடு வீக்கத்தையும் இறக்கும். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டும், சில நாளைக்குத்தான் போட வேண்டும். அல்சர், வீசிங், பிரஷர், கிட்னிக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மழைக்காலத்தில் டெங்கு சுற்றும்போது காய்ச்சல்காரர் யாருக்கும் இவை வேண்டாம், ரத்தக்கசிவு வந்துவிடும். ஆஸ்பிரினை ஒரு காலத்தில் தலைவலிக்குப் போட்டார்கள், இப்போது சின்ன அளவில் இதயத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிறார், அதைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடன் கொடுக்காதீர்கள். இவ்வளவையும் நான் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவர் அடுத்த கடைக்குப் போயிருப்பார். அந்தக் கடையில் பேசாமல் கொடுப்பார்கள்.

அக்காவும் அப்படித்தான் போனாள். ஒரு கட்டத்துக்கு மேல் நான் ரோஸ் கொண்டுவர மறுத்துவிட்டேன். தினமும் போடுகிற மாத்திரை இல்லை இது, காலைக் காட்டிவிட்டு வா, டாக்டர் என்ன சொல்கிறாரோ பார்ப்போம் என்றேன். "டாக்டர் இன்னா சொல்லுவாரு? நிக்காதேன்னு சொல்லுவாரு. அத நானே சொல்லிப்பேன்" என்றாள். மறுநாளும் டப்பா நிறைந்துதான் இருந்தது. கம்பெனி கேட்டுக்கு எதிரிலேயே ஒரு கடை இருந்ததாம். எனக்குக் குற்ற உணர்ச்சி ஏற்பட்டது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மையில் எனக்கு வந்தது எரிச்சல். நாள் முழுக்கக் கடையில் யார் யாரிடமோ மல்லுக்கட்டிவிட்டு வீட்டிலும் அதையே பேச என்னால் முடியவில்லை. தன் பெண்ணின் நர்சிங் படிப்பு முடிகிற வரைக்கும் இந்த வேலையில் நின்று ஓட்டிவிட வேண்டும் என்பதுதான் அக்காவின் கணக்கு. அந்தக் கணக்கில் கிட்னிக்கு இடமில்லை.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவள் முகம் காலையில் எழும்போதே உப்பியிருந்தது. தூக்கம் என்று நினைத்தோம். கொலுசைக் கழற்ற வேண்டியதாயிற்று, கணுக்காலில் விரலை வைத்தால் குழி விழுந்தது. சாப்பாட்டைக் கண்டால் குமட்டல். நான் கடைக்கு லீவு போட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ரத்தம் எடுத்தார்கள், ரிப்போர்ட் வந்தது. அதிலிருந்த கிரியேட்டினின் அளவைப் பார்த்ததுமே கிட்னி பழுதாகியிருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் இளவயதுப் பெண், தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லீங்க மேடம்" என்றாள் அக்கா.

பொய் சொல்கிற முகம் அல்ல அது. எனக்குத் தெரியும், அக்காவுக்குப் பொய் சொன்னால் மூக்கு சிவக்கும். அவள் உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். மாத்திரை என்றால் சுகருக்கும் பிரஷருக்கும் வியாதிக்காரர்கள் சாப்பிடுவது. தனக்கு வியாதி இல்லை. கால்வலிக்குப் போடுவது மாத்திரையில் சேர்த்தியே இல்லை, டீ குடிப்பதைப் போல அதுவும் ஒன்று. "சுகரு இல்ல, பிரஷரு இல்ல, ஒண்ணுமே இல்லீங்க" என்று பெருமையாக வேறு சேர்த்துச் சொன்னாள். நான் அவள் மடியிலிருந்த சாப்பாட்டுப் பையை வாங்கி, ஊறுகாய் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்து மூடியைத் திறந்தேன். டாக்டர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பெயரில்லை. இன்னொரு துண்டை எடுத்தார். எத்தனை நாளாக என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். பெண் எட்டாவது படிக்கும்போதிலிருந்து என்று நான்தான் சொன்னேன்.

கிட்னி பாதிக்கு மேல் போய்விட்டது, மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றார் டாக்டர். இந்த ஜாதி மாத்திரை ஒன்றுகூட இனி தொடக்கூடாது, தொட்டால் சீக்கிரமே டயாலிசிஸ் மிஷினுக்குப் போக வேண்டி வரும் என்றார். வேர்வையும், குடிக்காத தண்ணீரும், இந்த மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை என்று பொறுமையாக விளக்கினார். பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அக்கா, "வலிக்குத்தானடி போட்டேன், இன்னா தப்பு பண்ணேன்?" என்றாள். எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை.

இப்போது அக்கா வேலைக்குப் போவதில்லை. பெண் படிப்பை முடித்து ஒரு நர்சிங் ஹோமில் இருக்கிறாள், அவளும் நின்றுகொண்டுதான் வேலை பார்க்கிறாள். அக்கா வீட்டில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், உப்புக் குறைந்த குழம்பைத் திட்டிக்கொண்டே சாப்பிடுகிறாள். எப்போதாவது தாங்கவே முடியாவிட்டால் டாக்டர் சொன்ன அளவில் ஒரு பாராசிட்டமால் போடலாம். அது அந்தக் காலுக்கு எம்மாத்திரம்? இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த வலியெல்லாம் முழங்காலில் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. மழை வந்தால் முனகுவாள். "ஒண்ணே ஒண்ணுடி. அந்த ரோஸ் கலரு. யாருக்கும் தெரியாது" என்று குழந்தை மாதிரி கேட்பாள். கடையில் என் முதுகுக்குப் பின்னால் அலமாரி முழுக்க அதுதான் அடுக்கியிருக்கிறது. யார் யாருக்கோ வெட்டிக் கொடுத்துவிட்டு வந்து, இவளுக்கு மட்டும் இல்லை என்று சொல்லுகிறேன். துணியை வெந்நீரில் முக்கிப் பிழிந்து அவள் முழங்காலில் போடுகிறேன். ஒவ்வொரு பரிசோதனையிலும் கிட்னி அதே நிலையில் நின்றால் அதுவே பெரிய சந்தோஷம் எங்களுக்கு. இதுவரை நிற்கிறது.

அந்த ஊறுகாய் டப்பாவை நான்தான் எடுத்துக்கொண்டேன். நன்றாகத் தேய்த்துக் கழுவி, மாங்காய் ஊறுகாய் போட்டு என் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு போகிறேன். கொஞ்ச நாளாக எனக்கும் குதிகாலில் வலி. காலையில் கடை ஷட்டரைத் தூக்கினால் திரும்ப இறக்குகிற வரைக்கும் நிற்க வேண்டும். ஸ்டூல் போட்டால் கவுண்டரில் இடம் பத்தாது என்கிறார் ஓனர். கடையில் டாய்லெட் கிடையாது, நாலு கடை தள்ளி பேக்கரிக்காரரிடம் சாவி கேட்டுப் போக வேண்டும்.

நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனேன். அக்கா வழக்கம்போல என் டப்பாக்களைக் கழுவ எடுத்தாள். நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரும்போது அவள் ஊறுகாய் டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். ஊறுகாய் அப்படிச் சத்தம் போடாது.

"மாத்திரை எதாச்சும் சாப்பிடறியாடி?" என்றாள்.

"இல்லக்கா" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது.

அக்கா டப்பாவைத் திறக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு, என் பைக்குள் கைவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். காலையில் அவள்தான் நிரப்பிக் கொடுத்திருந்தாள். இரண்டு கையாலும் அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தாள். கழுத்துவரைக்கும் தண்ணீர் அப்படியே இருந்தது.